ஏர்பேட்டுப் பொட்டலில் நான் அடித்த முளை

அளக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு எதையும் அப்படியே விட்டுவிடத் தெரியாது. ஒரு தையல்காரரைக் கல்யாணத்துக்கு அழைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கமாட்டார்; தோள்பட்டை இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் படியெடுப்பவள். டிரேசர் என்பார்கள். கீழே இருக்கும் கோட்டை மேலே விரித்த துணியில் மாறாமல் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கோட்டை உண்டாக்குவது நான் இல்லை. அது சரியா தப்பா என்று யாரும் என்னைக் கேட்பதுமில்லை. இந்த நிம்மதியை ஒரு சனிக்கிழமை மாலையில் தொலைத்தேன். அன்று பிடித்த அலுப்பு இன்னும் விடவில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிது. சித்தூர் ஜில்லா எங்கள் வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. (வீடு எங்கேயும் போகவில்லை. நகரியில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டு அதே இடத்தில்தான் இருந்தது.) எல்லைக்கோடு எந்தக் கிராமத்தில் நுழைந்து எந்த ஏரிக்கரையில் வெளியே வருகிறது என்று இரண்டு சர்க்காரும் ஆளனுப்பி அளந்துகொண்டிருந்தன. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சென்னையில் வரைபடப் பயிற்சி முடித்து, அங்கேயே வேலைக்கு எடுக்கப்பட்டு, எல்லை வேலைக்காகச் சித்தூருக்கு அனுப்பப்பட்டிருந்தேன். எல்லாமே தற்காலிகம். வேலை முடிந்ததும் எங்களை எங்கே போடுவது என்று பெரியவர்கள் தீர்மானிப்பார்கள்.

எனக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். சித்தூர் அலுவலகத்தில் ஒரு நிரந்தர டிரேசர் இடம் காலியாக இருந்தது; அது முதல் வழி. கர்நூல் இரண்டாவது. கர்நூல் அப்போது தலைநகரம். கட்டடம் போதாமல் பல அலுவலகங்கள் கூடாரத்தில் நடந்தன. மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் அப்பாவிடம் (நைனா என்றுதான் கூப்பிடுவோம்) இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"கூடாரத்துல ஜெபக்கூட்டம் நடத்துவாங்கோ, சர்க்கஸ் நடத்துவாங்கோ. சர்க்கார் நடத்தி நான் பாத்ததில்ல. கர்நூலுன்னா வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடும்மா. தையல் கிளாஸ் எடுக்கலாம்."

தையல் கிளாஸ் எடுப்பதற்கு நான் வரைபடம் படிக்கவில்லை. ஆகவே சித்தூர் கிடைத்தால் உத்தியோகம், கிடைக்காவிட்டால் தையல். சித்தூர் கிடைக்க இரண்டு பேர் மனம் வைக்க வேண்டும். ஆந்திரத் தரப்பின் தலைவர் வெங்கட ராவ் காரு என்னை வேண்டும் என்று கேட்க வேண்டும். சென்னைத் தரப்பின் தலைவர் சபாபதி முதலியார் என்னை விடுவிக்க வேண்டும். இருவரும் நல்லவர்கள். இருவரும் வாயால் ஒப்புக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தது. நடுவில் அந்தச் சனிக்கிழமை வந்தது.

கூட்டம் திருப்பதியில் நடந்தது. எல்லை வேலைக்குத் திருப்பதி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு தரப்பாரும் வந்த அன்றே மலையேறிச் சேவித்துவிட்டார்கள். முதலியார் ஒரு வேண்டுதலை முடித்துக்கொண்டு மொட்டைத் தலையோடு இறங்கி வந்தார். நான் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்பதால் மலைக்குப் போகவில்லை. அதனாலேயே எனக்கு இரண்டு தரப்பிலிருந்தும் லட்டு வந்தது. பிறகு மூன்று நாள் விவாதம். ராவ் காரு, இருக்கிற கல் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ஜில்லா எல்லை காலங்காலமாக அங்கேதான் ஓடுகிறது, அசைக்கக் கூடாது என்றார். முதலியார், காலம் மாறிவிட்டது, ஜனங்கள் பேசும் பாஷையைப் பார்த்துக் கல்லை எடுத்து நட வேண்டும், பழைய புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது என்றார். புல்கூட முளைக்காத ஒரு பாறைக் குன்றை வைத்து ஒரு முழுக் காலைப்பொழுது போயிற்று. நான் மூலையில் உட்கார்ந்து துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். என் கோடு மட்டும்தான் அந்த அறையில் முன்னேறியது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, காலைத் தேநீர் வேளையில் அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இருவர் ஜீப்பிலும் கோல்ஃப் மட்டைகள் இருந்தன. சின்ன வயதில் வெள்ளைக்கார மேலதிகாரிகளோடு சுற்றியபோது இருவருக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம். ஏர்பேடு போகிற வழியில், துரைமார்கள் ஒரு காலத்தில் ஆடிவிட்டுப் போன பொட்டல் ஒன்று இருந்தது. அங்கே புல் கிடையாது. குழியைச் சுற்றிப் பசும்புல் இருக்க வேண்டிய வட்டத்தில், மணலைக் கழிவெண்ணெயில் பிசைந்து உருளை ஓட்டி வழவழப்பாக்கியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

ஆட்டத்துக்கு நடுவர் வேண்டும். ராவ் காருவின் ஆட்களை முதலியார் நம்பவில்லை. முதலியாரின் ஆட்களை ராவ் காரு நம்பவில்லை. நான் ஆந்திரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், சென்னைச் சம்பளம், சித்தூர் நாற்காலி. இரண்டு பேரும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள். கோல்ஃப் மட்டையை நான் அதுவரை தொட்டதில்லை என்று சொன்னேன். அதுதான் நல்லது, கெட்ட பழக்கம் ஒன்றும் இருக்காது என்றார் முதலியார். ஆளுக்கொரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் இரண்டையும் படித்து, முக்கியமானதை ஒன்று, இரண்டு என்று போட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். (எதையும் ஒன்று, இரண்டு என்று போட்டால் புரிந்துவிட்டது என்று நினைக்கும் வயது.)

படித்தபோதே ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. எதிராளியின் பந்து, அந்த வழவழப்பான வட்டத்துக்குள், நம் பந்துக்கும் குழிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? முதலியார் கொடுத்த பழைய புத்தகத்தின்படி ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டு பந்தும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருந்தால் ஒழிய எடுக்கக் கூடாது. சுற்றிக்கொண்டு போ, இல்லை தாண்டிப் போ. ராவ் காரு கொடுத்த புதிய புத்தகத்தின்படி, வழி மறிக்கிறது என்றால் அந்தப் பந்தை எடுத்துவிட்டு, அடித்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இதை இரண்டு பேரிடமும் முன்பே சொல்லி, எந்தப் புத்தகம் என்று கேட்டிருக்கலாம். இத்தனை பெரிய பொட்டலில் இரண்டு சின்னப் பந்துகள் ஒரே கோட்டில் வந்தா நிற்கப்போகின்றன என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. வெயில். முதலியாரின் தொப்பி, முடியிருந்த தலைக்கு வாங்கியது. ஒவ்வொரு அடிக்கும் மூக்குவரை இறங்கியது. ராவ் காரு அடிக்குமுன் கோவிந்தனைக் கூப்பிட்டார், அடித்தபின் வேறு யாரையோ திட்டினார். மட்டை தூக்கிய டவாலிச் சேவகர்கள் இரண்டு பேரும் தத்தம் ராஜ்யத்தின் மானத்தைத் தோளில் சுமப்பதுபோல் நடந்தார்கள். ஒரு குழியின் வட்டத்தில் ஆடு படுத்திருந்தது. ஆடு இடைஞ்சலானால் என்ன விதி என்று கேட்டார்கள். ஓட்டிவிடுவதுதான் விதி என்றேன். இரண்டு தரப்பு எழுத்தர்களும், அளவுச் சங்கிலி பிடிக்கும் சங்கிலிக்காரர்களும் பின்னால் ஊர்வலமாக வந்தார்கள். கடைசிக் குழிக்கு வந்தபோது ஆட்டம் சமமாக இருந்தது. சமமாகவே முடியட்டும் என்று நான் உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். சமமாக முடிந்தால் இருவரும் சந்தோஷமாக இருப்பார்கள். திங்கட்கிழமை கையெழுத்து விழும்.

கடைசி வட்டத்தில் முதலியாரின் பந்து குழியின் உதட்டில், விழட்டுமா வேண்டாமா என்று நின்றது. நேர் பின்னால் நாலு எட்டுத் தூரத்தில் ராவ் காருவின் பந்து. குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவருக்கே வெற்றி; அந்தக் கணக்கில் ராவ் காரு இதுவரை ஓர் அடி குறைவாக அடித்திருந்தார். இப்போது ஒரே தட்டில் போட்டுவிட்டால் அவர் ஜெயித்தார். ஆனால் முதலியாரின் பந்து வாசலில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

ராவ் காரு மட்டையை ஊன்றி நின்றார். "ஏம்மா சுகிர்தம், அந்தப் பந்தை எத்தச் சொல்லும்மா. நம்ம தாரிக்கு அட்டமா நிக்குது."

"அது விழுந்த இடத்துல இருக்குது. இருக்கிற இடத்துலதான் இருக்கும். அசைக்கக் கூடாது" என்றார் முதலியார்.

"காலம் மாறிப்போச்சு முதலியார் காரு. பழைய புஸ்தகத்தைக் கட்டிக்கினு எத்தனி நாளைக்கு?"

பின்னால் ஓர் எழுத்தர் இருமினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மூன்று நாளாகக் கேட்ட அதே பேச்சு. ஆள் மட்டும் மாறியிருந்தது. கல்லைத் தொடாதே என்றவர் எடு என்கிறார். எடு என்றவர் தொடாதே என்கிறார். அது அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியவில்லை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிதானமானவள் என்று பெயர் வாங்கியவள். புதிய சட்டம் வந்தால் பழையது போய்விடும், ஆகவே பந்தை எடுக்கலாம் என்றேன். ராவ் காரு முகம் மலர்ந்தது. முதலியாரின் தொப்பி இறங்கியது. தொப்பிக்கு அடியிலிருந்து அவர், சரி, எடுக்கட்டும், ஆனால் திரும்ப வைக்கும்போது மயிரிழை பிசகினாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார். ராவ் காரு சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். பந்துக்குப் பின்னால் காசை வைத்துவிட்டுப் பந்தை எடுப்பதுதான் உலகம் முழுக்க வழக்கமாம். முதலியார் காசை ஏற்கவில்லை. காசு நகரும், காசை நகர்த்துகிறவர்களும் உண்டு என்றார். ராவ் காரு, தன்னைத் திருடன் என்கிறாரா என்று என்னைக் கேட்டார்.

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஒரு கூழாங்கல்லை வைத்திருப்பாள், இல்லை அழுதிருப்பாள். நான் நில அளவைக்காரி. ஒரு புள்ளி தகராறில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒன்று, அசையாத பொருள்களிலிருந்து புள்ளிக்குத் தூரம் அளக்க வேண்டும். இரண்டு, இரு தரப்பும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று, முளை அடிக்க வேண்டும். முளை அடித்த பிறகுதான் எதையும் எடுக்க வேண்டும்.

டேப்பைக் கொண்டுவரச் சொன்னேன். வேப்ப மரத்திலிருந்து ஓர் அளவு, கல் உருளையிலிருந்து ஓர் அளவு, ஜீப்பின் முன்சக்கரத்திலிருந்து ஓர் அளவு. (ஜீப் அசையாத பொருளா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் டிரைவர் அதை நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.) இரண்டு தரப்பு எழுத்தர்களும் அளவை உரக்கப் படித்து, சரி, சரி என்றார்கள். எல்லாருக்கும் பழகிய வேலை என்பதால் கோல்ஃப் என்பதே மறந்துபோய், ஒரு ஒழுங்கு வந்திருந்தது. எனக்கு அந்த நிமிஷம் மிகவும் பிடித்திருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கிலிக்காரர் முனுசாமி இரும்பு முளையும் சுத்தியுமாக வந்து, பந்துக்குப் பின்னால் குந்தினார்.

"எப்டிம்மா அடிக்கறது? சும்மா ஒரு தட்டா, இல்ல எல்லக் கல்லுக்கு அடிக்கிற மேரியா?"

"அசையக் கூடாது" என்றேன்.

எல்லைக் கல்லுக்கு அடிக்கிற மாதிரியே அடித்தார். முதல் அடியில் முளை பாதி இறங்கியது. இரண்டாவது அடியில் தோசைக்கல்லில் ஒரு விரிசல் ஓடியது. மூன்றாவது அடிக்குக் குழியின் உதடு அப்படியே பொலபொலவென்று உதிர்ந்து, மண்ணோடு மண்ணாக முதலியாரின் பந்தும் உள்ளே போயிற்று. அந்தக் குழிக்குள் கரை இடியாமலிருக்க ஒரு தகர டின்னைப் புதைத்து வைத்திருப்பார்களாம். அதை யாரோ அரிசி அளக்க எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். இது பிறகு தெரிந்தது.

 முனுசாமி முளையை ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று என்னிடம் சொன்னார்.

பிறகு எல்லாரும் பேசினார்கள். முதலியார், தம் பந்து குழிக்குள் இருக்கிறது, எப்படிப் போயிற்று என்பது நடுவரின் பொறுப்பு, தமக்கு ஆட்டம் முடிந்தது என்றார். ராவ் காரு, மட்டையால் தட்டாமல் சுத்தியால் தட்டிப் போட்ட பந்தை எந்தப் புத்தகம் ஒப்புக்கொள்ளும், எடுத்து இருந்த இடத்தில் வை என்றார். இதற்கும் ஒரு விதி இருந்திருக்கலாம். நான் போட்டுவைத்த ஒன்று, இரண்டில் அது இல்லை. என்னிடம் இருந்தது அளவு மட்டும். ஜீப் போய்விட்டாலும் மரமும் உருளையும் இருந்தன. இரண்டு டேப்பையும் இழுத்துப் பிடித்து, அவை சேரும் இடத்தில் விரலை வைத்தேன். விரலுக்குக் கீழே ஒன்றுமில்லை. குழிதான் இருந்தது.

"இடம் இருக்குது சார், மண்ணுதான் இல்ல" என்றேன்.

இன்றைக்கும் அந்த வாக்கியத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் அதைச் சொன்ன குரல், தேர்வில் பதில் தெரிந்த மாணவியின் குரல். போதாததற்குச் செய்தும் காட்டினேன். முதலியாரின் பந்தை வெளியே எடுத்து, மண்ணைத் துடைத்து, அளவு சொன்ன இடத்தில், காற்றில், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். விட்டால் விழும், விடாவிட்டால் நான் இங்கேயே இருக்க வேண்டும், எது வேண்டும் என்று இரண்டு பேரையும் மரியாதையாகக் கேட்டேன்.

 ஆட்டத்தின் முடிவு மேல் விசாரணைக்குரியது என்று இரண்டு எழுத்தர்களும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். எந்தத் தகராறுக்கும் அதைச் சொல்லிப் பழகியவர்கள். முளையை மட்டும் பிடுங்க முடியவில்லை. அது அங்கேயே நின்றுவிட்டது.

திரும்பும்போது ஒரு ஜீப் கிளம்பாததால் எல்லாரும் ஒன்றிலேயே ஏறினோம். பெரியவர்கள் இருவரும் முன்னால். நான் பின்னால், மட்டைகளுக்கு நடுவில்.  ரேணிகுண்டா தாண்டியதும் முதலியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜீப்பில் மெதுவாகப் பேச முடியாது.

"இந்தப் பொண்ண நீங்களே வச்சுக்குங்க ராவ் காரு. உங்க ஊர்ப் பொண்ணு."

"அய்யோ, மீரே தீஸ்கோண்டி. உங்க பாஷை, நீங்க எடுத்த ஆளு. நான் குறுக்க வரமாட்டேன்."

"பரவாயில்ல, கர்நூல்ல எங்கியாவது..."

"கர்நூல்ல எல்லாம் கூடாரம் முதலியார் காரு. இந்த அம்மாயி முளை அடிச்சா ஒண்ணும் நிக்காது."

புல் முளைக்காத பாறைக் குன்றை ஒரு காலைப்பொழுது முழுக்க விட்டுக்கொடுக்காதவர்கள், என்னை ஒருவருக்கொருவர் அத்தனை தாராளமாக விட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பாஷைப்படி நான் சென்னைக்குச் சேர வேண்டியவள் என்று ஆந்திரத் தரப்பு வாதாடியது. இருக்கிற இடப்படி ஆந்திரத்துக்கு என்று சென்னைத் தரப்பு வாதாடியது. எல்லை வேலை தொடங்கியதிலிருந்து இரண்டு தரப்பும் கோபமில்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். கோல்ஃப் மட்டை ஒன்று விலாவில் குத்திக்கொண்டிருந்தது. நகர்த்தி வைக்கலாம். அன்றைக்கு இனி எதையும் நகர்த்துவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை சித்தூர் இடம் வேறொருவருக்குப் போயிற்று. ராவ் காரு என்னைக் கேட்கவில்லை. முதலியார் என்னை விடுவிக்கவும் இல்லை, திருப்பி அழைக்கவும் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரே ஒரு உத்தரவு போட்டார்கள். எல்லைத் தகராறு தீரும்வரை நான் இரண்டு தரப்புக்கும் பொதுவான டிரேசராக, சித்தூரில் ஒரு பின்னறையில், தற்காலிகமாக இருக்க வேண்டும். தீர்ந்ததும் வேலையும் தீரும். சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். நைனா தையல் மெஷினுக்கு எண்ணெய்கூட வாங்கி வைத்துவிட்டார்.

அவர்கள் என் விஷயத்தில் தப்புக் கணக்குப் போடவில்லை. எல்லை விஷயத்தில்தான் போட்டுவிட்டார்கள். ஒரு கமிட்டி போய் இன்னொன்று வந்தது. தலைநகரம் கர்நூலிலிருந்து ஐதராபாத்துக்குப் போய்விட்டது. ராவ் காரு ஓய்வு பெற்றார். முதலியாருக்கு முடி முளைத்து நரைத்தும்விட்டது. நான் அதே பின்னறையில் அதே கோட்டை, ஒருமுறை இந்தப் பக்கம் வளைத்தும் ஒருமுறை அந்தப் பக்கம் வளைத்தும், இன்னும் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். முப்பதை நெருங்குகிறேன். என்னைப்போல் இத்தனை காலம் தற்காலிகமாக இருந்தவர்கள் ஜில்லாவில் வேறு யாருமில்லை என்று சம்பளப் பிரிவில் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போனால் நைனாவோடு மிஷன் கோயிலுக்குப் போவேன். பாதிரி ஐயர் நீண்ட ஜெபத்தின் கடைசியில், தமிழிலும் தெலுங்கிலுமாக, இரண்டு ராஜ்யங்களுக்கும் நடுவிலிருக்கிற எல்லைத் தகராறைக் கர்த்தர் சீக்கிரம் தீர்த்துவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். சபை முழுவதும் கண்ணை மூடியிருக்கும். அப்போது நைனா ஆண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து நடைபாதையைத் தாண்டி என் பக்கம் சாய்வார். எங்கள் வரிசையில் இருக்கிற சித்தி, சித்தி பெண்கள் எல்லாரும் அதற்காகவே உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"எல்லாரும் சொல்லட்டும். நீ மட்டும் ஆமென் சொல்லாதம்மா. வேல போயிடும்."

நான் வாயை மட்டும் அசைக்கிறேன்.